80 ரூபாய்க்கு 120: குஜராத் ஓ.டி. வழக்கின் கணக்கு

2020 ஏப்ரல் 17-ஆம் தேதி குஜராத் அரசின் தொழிலாளர் துறை ஓர் அறிவிக்கை வெளியிட்டது. அதன் கடைசி நிபந்தனையில், அடைப்புக்குறிக்குள் ஓர் உதாரணக் கணக்கு. 8 மணி நேரத்துக்குச் சம்பளம் 80 ரூபாய் என்றால் 12 மணி நேரத்துக்கு 120 ரூபாய். மூன்றாம் வகுப்புப் பிள்ளைகூடப் போட்டுவிடும். விடையும் சரிதான். ஆனால் அந்தக் கணக்கின்படி சம்பளம் கொடுத்தால், அப்போது நடப்பில் இருந்த 1948-இன் தொழிற்சாலைகள் சட்டம் காலி. ஆறே மாதத்தில் உச்ச நீதிமன்றம் அந்த அறிவிக்கையை ரத்து செய்தது. கூலி, ஓ.டி. (ஓவர்டைம், கூடுதல் நேர வேலை) என்று பேசுகிறவர்கள் ஒருமுறையாவது முழுசாகப் படிக்க வேண்டிய வழக்கு இது. பெயர், குஜராத் மஸ்தூர் சபா எதிர் குஜராத் மாநிலம்.

அந்த நேரத்தை நினைத்துப் பாருங்கள். மார்ச் 25 முதல் நாடு பூட்டிக் கிடந்தது. வெளிமாநிலத் தொழிலாளர்கள் தலையில் மூட்டையோடு நெடுஞ்சாலையில் நடந்துகொண்டிருந்தார்கள். ஏப்ரல் 20-இலிருந்து சில தொழில்களுக்கு மட்டும் தளர்வு என்று மத்திய அரசு சொல்லியிருந்தது. ஆள் குறைவு, ஆர்டர் தேக்கம், முதலாளிகளுக்குக் கையில் காசு ஓட்டம் இல்லை. இதையெல்லாம் காரணம் காட்டி, குஜராத்தில் பதிவு பெற்ற எல்லாத் தொழிற்சாலைகளுக்கும் ஏப்ரல் 20 முதல் ஜூலை 19 வரை விலக்கு என்றது அறிவிக்கை. விலக்கப்பட்டவை சட்டத்தின் 51, 54, 55, 56 ஆகிய பிரிவுகள்.

இந்த எண்களைத் தமிழில் சொன்னால் இதுதான். வாரத்துக்கு 48 மணி நேரத்துக்கு மேல் வேலை வாங்கக் கூடாது. நாளுக்கு 9 மணி நேரத்துக்கு மேல் கூடாது. தொடர்ந்து 5 மணி நேரம் வேலை செய்தால் அரை மணி நேரமாவது ஓய்வு. ஓய்வையும் சேர்த்து ஒரு தொழிலாளி ஆலைக்குள் கிடப்பது பத்தரை மணி நேரத்தைத் தாண்டக் கூடாது. அறிவிக்கை வந்ததும் நாளுக்கு 12 மணி, வாரத்துக்கு 72 மணி, 6 மணி நேரத்துக்கு ஒருமுறை அரை மணி ஓய்வு என்று ஆனது. சம்பளம் மட்டும் ‘விகிதப்படி’.

நேரத்தை நீட்டியதைவிட அந்த ‘விகிதப்படி’தான் பெரிய விஷயம். சட்டத்தின் 59-ஆம் பிரிவு சொன்னது வேறு: நாளில் 9 மணியையோ வாரத்தில் 48 மணியையோ தாண்டிய ஒவ்வொரு மணிக்கும் சாதாரணச் சம்பள விகிதத்தைப் போல இரண்டு மடங்கு. ஷாப் ஃப்ளோரில் இதற்கு ‘டபுள் ஓ.டி.’ என்று பெயர். அறிவிக்கை தந்தது ‘சிங்கிள்’.

கணக்கைக் கொஞ்சம் நிஜமாக்கிப் பார்ப்போம். 8 மணி நேரத்துக்கு 400 ரூபாய் வாங்கும் ஒருவர். மணிக்கு 50 ரூபாய். ஆறு நாளும் 12 மணி நேரம் நின்றால் 72 மணி. சட்டப்படி முதல் 48 மணிக்கு 2,400 ரூபாய், மீதி 24 மணிக்கு மணிக்கு 100 வீதம் இன்னொரு 2,400. மொத்தம் 4,800. அறிவிக்கைப்படி 72 மணிக்கும் 50 ரூபாய்தான், அதாவது 3,600. வாரத்துக்கு 1,200 ரூபாய் குறைகிறது. கைக்கு வரவேண்டியதில் கால்வாசி. மூன்று மாதத்துக்கு 13 வாரம் என்றால் 15,600 ரூபாய். அறிவிக்கை முடிந்த மறுநாளே, ஜூலை 20 அன்று, இன்னொன்று போட்டு அக்டோபர் 19 வரை நீட்டினார்கள். அப்படியானால் 31,200.

இதை முதலாளி பக்கம் நின்றும் ஒருமுறை போட வேண்டும். அப்போதுதான் டபுள் ஓ.டி. எதற்காக வந்தது என்பது தெரியும். ஓர் இயந்திரம் நாள் முழுக்க ஓட வேண்டும் என்று வையுங்கள். 8 மணி ஷிஃப்டாகப் போட்டால் மூன்று பேர். வாரச் சம்பளம் 7,200. 12 மணி ஷிஃப்டாக இரண்டே பேரை வைத்து ஓட்டினால், டபுள் கொடுத்தால் 9,600. மூன்றாவது ஆளை எடுப்பதே லாபம். சிங்கிள் போதும் என்று ஆகிவிட்டால் அந்த இரண்டு பேருக்கும் 7,200தான். அப்புறம் மூன்றாவது ஆள் எதற்கு? அவருக்கு பி.எஃப்., இ.எஸ்.ஐ., கேன்டீன், சீருடை எல்லாமே மிச்சம். டபுள் ஓ.டி.யைக் களைப்புக்குக் கொடுக்கும் போனஸ் மாதிரி பலர் நினைக்கிறார்கள். நான் அதை ஒரு பூட்டாகப் பார்க்கிறேன். கூடுதல் மணி நேரத்தின் விலையை ஏற்றி வைத்தால், அவசரம் இருந்தால் மட்டுமே முதலாளி அதை வாங்குவார்.

சட்டத்தில் பூட்டு இருந்தாலும் கள்ளச்சாவி போடுகிறவர்கள் எப்போதும் உண்டு. கொஞ்ச காலம் ஓர் ஆலையின் டைம் ஆபீஸில் எழுத்தர் வேலை பார்த்திருக்கிறேன். ஆலையின் பெயர் வேண்டாம். அங்கே இரண்டு பதிவேடு. ஒன்று இன்ஸ்பெக்டர் வந்தால் எடுத்து வைப்பது. அதில் எல்லோரும் சாயங்காலம் நாலரைக்கு அவுட் பஞ்ச் அடித்து நல்ல பிள்ளையாக வீட்டுக்குப் போயிருப்பார்கள். இன்னொன்று நீளமான பேரேடு, பால்பாயின்ட் பேனாவால் எழுதியது. எட்டரை, பத்தரை என்று நிஜ நேரம் அதில்தான். அந்தக் காசு சம்பளச் சீட்டில் ‘ஓ.டி.’ என்று வராது. ‘உற்பத்தி ஊக்கத்தொகை’ என்று ஒரே தொகையாக வரும். மணிக்கு எவ்வளவு என்று வகுத்துப் பார்த்தால் எப்போதும் சிங்கிள். ஒருமுறை ஒருவர் வகுத்துப் பார்த்துவிட்டார். அவரை யாரும் எதுவும் சொல்லவில்லை. அடுத்த வாரத்திலிருந்து தொடர்ந்து நைட் ஷிஃப்ட், அதுவும் ஃபர்னஸ் பக்கம். மூன்றாவது மாதம் அவராகவே கணக்கு முடித்துக்கொண்டு போனார். அந்தப் பேரேட்டில் அவர் பெயருக்கு நேராகக் கோடு போட்டது நான்தான். குஜராத் அறிவிக்கையைப் படித்தபோது முதலில் எனக்கு அந்தப் பேரேடுதான் ஞாபகத்துக்கு வந்தது. ரகசியமாக எழுதியதை அரசே அச்சடித்துக் கொடுத்த மாதிரி இருந்தது.

சரி, வழக்குக்கு வருவோம்.

ஓர் அரசு இப்படிச் சட்டத்தை ஒதுக்கி வைக்க முடியுமா? அன்றைய சட்டப்படி முடியும், இரண்டு வழிகளில். முதல் வழி 65-ஆம் பிரிவு. வேலை நெருக்கடி அசாதாரணமாக இருக்கும்போது மாநில அரசு சில தொழிற்சாலைகளுக்கு நேர வரம்பைத் தளர்த்தலாம். ஆனால் அதற்கும் எல்லை கட்டியிருக்கிறார்கள். ஓ.டி.யையும் சேர்த்து வாரத்துக்கு 60 மணி, தொடர்ந்து ஏழு நாளுக்கு மேல் ஓ.டி. கூடாது, ஒரு காலாண்டில் மொத்த ஓ.டி. 75 மணிக்குள். டபுள் சம்பளம் அப்படியே இருக்கும். குஜராத் அறிவிக்கைப்படி வாரத்துக்கு 24 மணி, 13 வாரத்துக்கு 312 மணி வரை கூடுதல் வேலை வாங்கலாம். 75 எங்கே, 312 எங்கே! அதனால் இந்த வழியில் போக முடியாது.

இரண்டாவது வழி 5-ஆம் பிரிவு. ‘பொது அவசரநிலை’ வந்தால் ஒரு தொழிற்சாலையையோ ஒரு வகைத் தொழிற்சாலைகளையோ சட்டத்தின் பெரும்பாலான விதிகளிலிருந்து ஒரு தடவைக்கு மூன்று மாதம் வரை விலக்கலாம். குஜராத் அரசு பிடித்தது இதைத்தான். ஆனால் அந்தப் பிரிவிலேயே ஒரு விளக்கம் இருக்கிறது: போர், வெளிநாட்டு ஆக்கிரமிப்பு, உள்நாட்டுக் குழப்பம் இவற்றால் இந்தியாவின் அல்லது அதன் ஒரு பகுதியின் பாதுகாப்புக்கு ஆபத்து வரும் கடுமையான நிலைதான் பொது அவசரநிலை. பழைய வாக்கியம்.

ஆக, வழக்கு மொத்தமும் ஒரே கேள்வியில் வந்து நின்றது. கொரோனா உள்நாட்டுக் குழப்பமா?

குஜராத் மஸ்தூர் சபாவும் இந்தியத் தொழிற்சங்க மையம் (டி.யூ.சி.ஐ.) என்ற கூட்டமைப்பும் அரசியலமைப்பின் 32-ஆம் உறுப்பின்கீழ் நேராக உச்ச நீதிமன்றத்துக்குப் போயின. பெருந்தொற்று தொழிலையும் சமூக ஒழுங்கையும் குலைத்துவிட்டது, பொருளாதாரத்தைத் தூக்கி நிறுத்த இது தேவை, ஆகவே இது உள்நாட்டுக் குழப்பத்துக்குள் வரும் என்பது அரசின் வாதம். நாட்டின் பாதுகாப்புக்கு எந்த ஆபத்தும் இல்லை, எல்லாத் தொழிற்சாலைகளையும் மொத்தமாக விலக்க அந்தப் பிரிவு இடம் தரவில்லை என்பது சங்கங்களின் பதில்.

நீதிபதிகள் டி.ஒய்.சந்திரசூட், இந்து மல்ஹோத்ரா, கே.எம்.ஜோசப் ஆகியோர் 2020 அக்டோபர் 1 அன்று தீர்ப்பு சொன்னார்கள். எழுதியவர் சந்திரசூட். தீர்ப்பில் எனக்கு மிகவும் பிடித்தது ‘உள்நாட்டுக் குழப்பம்’ என்ற சொல்லைப் பிடித்து அலசிய பகுதி. அந்தச் சொல்லுக்கு ஒரு பழைய கதை உண்டு. அரசியலமைப்பின் 352-ஆம் உறுப்பிலும் ஆரம்பத்தில் இதே மூன்று காரணங்கள்தான் இருந்தன. 1975-இல் நெருக்கடி நிலை கொண்டுவரப்பட்டது ‘உள்நாட்டுக் குழப்பம்’ என்ற பெயரில். அந்தச் சொல் எவ்வளவு இழுத்தாலும் இழுபடும் என்று பட்டுத் தெரிந்த பிறகு, 1978-இன் 44-ஆவது திருத்தம் அதை நீக்கி ‘ஆயுதக் கிளர்ச்சி’ என்று மாற்றியது. தொழிற்சாலைகள் சட்டத்தில் பழைய சொல் அப்படியே தங்கிவிட்டது. நாற்பது வருடம் கழித்து அதை எடுத்துத் துடைத்துப் பயன்படுத்தினால் நீதிமன்றத்துக்குப் பழசெல்லாம் ஞாபகம் வராதா?

தொற்றால் சுகாதார நெருக்கடி வந்தது உண்மை, பொருளாதாரம் சரிந்ததும் உண்மை. ஆனால் அதனால் நாட்டின் பாதுகாப்புக்கு ஆபத்து வந்துவிடவில்லை, 5-ஆம் பிரிவின் வாசலுக்கே இது வரவில்லை என்றது நீதிமன்றம். முகக்கவசமோ மருந்தோ செய்யும் ஆலைகளுக்கு மட்டும் சலுகை என்றாலாவது யோசித்திருக்கலாம். என்ன தயாரிக்கிறார்கள் என்றே பாராமல் எல்லோருக்கும் விலக்கு, கூடவே ஓ.டி.யும் கிடையாது என்றால், பெருந்தொற்றைச் சாக்காக வைத்து ஏற்கெனவே நொந்து கிடக்கும் மக்களை அடிமைத்தளைக்குள் தள்ளுவதாகத்தான் அர்த்தம் என்ற பொருளில் கடுமையாகவே எழுதினார்கள். நிதிச் சுமையைத் தொழிலாளர் தலையில் மட்டும் ஏற்றி வைக்க முடியாது என்றும் சொன்னார்கள்.

சட்டத்தோடும் நிற்கவில்லை. மனிதத்தனமான வேலை நிலைமையையும் சட்டம் தந்த ஓ.டி. சம்பளத்தையும் பறிப்பது, வாழ்வுரிமையைச் சொல்லும் 21-ஆம் உறுப்பையும் கட்டாய உழைப்பைத் தடுக்கும் 23-ஆம் உறுப்பையும் மீறுவது என்றார்கள். சம்பளம் குறைந்ததற்கும் கட்டாய உழைப்புக்கும் என்ன சம்பந்தம் என்று தோன்றலாம். அந்த முடிச்சு 1982-இலேயே போடப்பட்டது. ஆசிய விளையாட்டுப் போட்டிக்காக தில்லியில் நடந்த கட்டுமானப் பணிகள் பற்றிய வழக்கில், குறைந்தபட்சக் கூலிக்கும் கீழே ஒருவர் வேலைக்கு வருகிறார் என்றால் பசிதான் அவரைக் கட்டாயப்படுத்துகிறது, சங்கிலி போட்டுக் கட்டினால்தான் கட்டாயம் என்பதில்லை என்று உச்ச நீதிமன்றம் விளக்கியிருந்தது. 2020 ஏப்ரலில் ஒருவரிடம் போய் 12 மணி நேரம் வருகிறாயா, டபுள் கிடையாது என்று கேட்டால், முடியாது என்று சொல்ல எத்தனை பேருக்கு முதுகெலும்பு இருந்திருக்கும்?

வெறும் ரத்தோடு விட்டிருந்தால் உழைத்தவர்களுக்கு ஒரு பைசா வந்திருக்காது. முழு நீதி வழங்க 142-ஆம் உறுப்பு தரும் அதிகாரத்தைக் கொண்டு, அறிவிக்கைகள் வந்த நாளிலிருந்து வேலை செய்த தகுதியுள்ள எல்லாத் தொழிலாளர்களுக்கும் 59-ஆம் பிரிவின்படி ஓ.டி. கொடுக்க வேண்டும் என்று உத்தரவிட்டார்கள். நம் கணக்கில் வந்த 400 ரூபாய்க்காரருக்கு வாரத்துக்கு அந்த 1,200.

ஆனால் உத்தரவு தில்லியில் இருக்கிறது, மஸ்டர் ரோல் (வருகைப் பதிவேடு) ஆலையில் இருக்கிறது. ஒப்பந்தக்காரர் மூலம் வந்து, ஜூனில் ரயிலேறி ஊருக்குப் போய்விட்ட ஓர் ஒடிசாக்காரர் தன் 24 மணிக் கணக்கை எங்கே வந்து கேட்பார்? எந்த ஓ.டி. வழக்கும் கடைசியில் முட்டி நிற்பது சான்றில்தான்: அன்று ராத்திரி நீ இருந்தாயா? டைம் ஆபீஸில் இருந்தவன் என்பதால் ஒன்று சொல்வேன். ஒரு சின்ன டயரியில் தேதி, உள்ளே போன நேரம், வெளியே வந்த நேரம், கூட நின்றவர் பெயர் என நாலு விஷயத்தை அன்றன்றைக்கே எழுதி வையுங்கள். வங்கியில் சம்பளம் ஏறிய குறுஞ்செய்தியை அழிக்காதீர்கள். கேட் பாஸையோ கேன்டீன் டோக்கனையோ படம் எடுத்து வைத்தால் இன்னும் நல்லது. ஆலையின் இரண்டாவது பேரேடு உங்கள் கைக்கு ஒருநாளும் வராது.

2025 நவம்பர் 21 முதல் நான்கு தொழிலாளர் தொகுப்புச் சட்டங்கள் நடைமுறைக்கு வந்துவிட்டன. தொழிற்சாலைகள் சட்டத்தின் இடத்தில் இப்போது பணியிடப் பாதுகாப்புத் தொகுப்பு. சம்பளத்துக்கு ஊதியத் தொகுப்பு. டபுள் இரண்டிலும் தப்பித்திருக்கிறது. ஊதியத் தொகுப்பில் தொழிலாளிக்குச் சாதகமாக ஒன்றிரண்டு உண்டு. சம்பள பாக்கி கேட்டு மனுப்போட மூன்று வருடம் அவகாசம். பழைய சம்பளப் பட்டுவாடாச் சட்டத்தில் பன்னிரண்டு மாதம்தான். கொடுத்துவிட்டேன் என்று நிரூபிக்கும் பொறுப்பும் முதலாளியுடையது. பாக்கியைப் போல பத்து மடங்கு வரை இழப்பீடு விதிக்க அதிகாரிக்கு அதிகாரம் உண்டு. வேலையில் இருந்துகொண்டே மனுப்போடுகிறவரை ஃபர்னஸ் பக்கம் மாற்றினால் என்ன செய்வது என்பதுதான் பிரச்சினை. அதனால்தான் இந்த மாதிரி விஷயத்தைத் தனியாகச் செய்யாமல் சங்கம் வழியாகச் செய்யச் சொல்கிறேன். குஜராத் வழக்கிலும் மனுதாரர் தனி ஆள் இல்லை, கவனியுங்கள்.

தமிழ்நாட்டிலும் இந்தக் காற்று வீசியது. 2023 ஏப்ரல் 21 அன்று சட்டப்பேரவையில் தொழிற்சாலைகள் சட்டத்துக்கு ஒரு மாநிலத் திருத்தம், 65ஏ என்ற புதுப் பிரிவு, நிறைவேறியது. வாரத்துக்கு 48 மணி என்பது மாறாது, விருப்பப்பட்டால் நாலு நாள் 12 மணி நேரம் வேலை, மூன்று நாள் லீவு என்று அரசுத் தரப்பில் விளக்கினார்கள். கேட்க நன்றாகத்தான் இருந்தது. நம் கணக்கைப் போட்டுப் பாருங்கள். வாரம் 48-ஐத் தாண்டவில்லை, சரி. ஆனால் தினமும் 9-ஐத் தாண்டிய 3 மணிக்கு டபுள் உண்டே. நாலு நாளைக்கு 12 மணி. நாளுக்கு 9 என்ற கோட்டை அழித்துவிட்டால் அந்தப் பன்னிரண்டும் சிங்கிளாகிவிடும். மணிக்கு 50 ரூபாய்க்காரருக்கு வாரம் 600 போச்சு. கூட்டணிக் கட்சிகளே வெளிநடப்புச் செய்தன, தொழிற்சங்கங்களும் எதிர்த்தன. ஏப்ரல் 24 அன்று நிறுத்திவைப்பதாகச் சொன்ன முதலமைச்சர் மு.க.ஸ்டாலின், மே 1 அன்று திரும்பப் பெறுவதாக அறிவித்தார். சென்னைக் கடற்கரையில் சிங்காரவேலர் மே தினக் கொடி ஏற்றி அன்றோடு நூறு வருடம்.

குஜராத் பக்கம் 2025-இல் மறுபடி நாளுக்கு 12 மணி வரை அனுமதிக்கும் திருத்தம் வந்தது. இந்த முறை வாரம் 48 மணியில் கை வைக்கவில்லை, ஓ.டி.க்கு டபுள் என்ற விகிதத்திலும் கை வைக்கவில்லை.

தீர்ப்பைப் படித்து முடித்தபோது ஒரு தேதி என் கண்ணில் பட்டது. பணியிடப் பாதுகாப்புத் தொகுப்புக்குக் குடியரசுத் தலைவர் ஒப்புதல் கிடைத்தது 2020 செப்டம்பர் 28. தீர்ப்புக்கு மூன்று நாள் முன்னால். அதிலும் விலக்கு அதிகாரப் பிரிவு ஒன்று இருக்கிறது. பொது அவசரநிலைக்கு அதே பழைய விளக்கம். ஆனால் அந்தச் சொல்லுக்குப் பக்கத்தில் ஒரு காற்புள்ளி வைத்து ‘பேரிடர் அல்லது பெருந்தொற்று’ என்று சேர்த்திருக்கிறார்கள். ஒரு தடவைக்கு மூன்று மாதம் என்று இருந்தது ஒரு வருடம் ஆகியிருக்கிறது.